கணக்கும் கேளுங்கள், கையையும் பிடியுங்கள்

காலம் குறைவாக இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு மாணவருக்கு வழக்கமாகக் கிடைத்துவந்தது ஐந்தாண்டுக் கெடு. அதற்குள் நான்கு பருவம் ஆடலாம், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் தொடங்கி இருபத்து மூன்றுக்குள் முடிந்துபோகும் அந்தச் சிறிய காலத்துக்குள் தாய் இறந்துபோகலாம். தந்தை சிறைக்குப் போகலாம். வளர்த்த பாட்டி படுக்கையில் விழலாம். அதே காலத்துக்குள் அந்தப் பிள்ளை பெரிய தவறு ஒன்றைச் செய்துவிடவும் கூடும். அப்படிச் செய்துவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் நாம் என்ன செய்கிறோம்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நாம் என்றுதான் சொல்கிறேன். பயிற்சியாளர், பல்கலைக்கழகத் தலைவர், நிருபர், ரசிகர், கைப்பேசியில் செய்தியைப் பார்த்த கையோடு நாலு பேருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகிற நீங்கள், நான் எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையின் தீர்ப்பை எழுதுகிறோம். எல்லோரும் சேர்ந்துதான் அதற்குப் பதிலும் சொல்லியாக வேண்டும்.

லாரன்ஸ் பிலிப்ஸின் கதையைக் கேளுங்கள். நம்மில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வரும் ஆட்களை மோதித் தள்ளி ஓடுகிற ஆட்டம் அது. அந்த ஓட்டத்தில் 1995 வாக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் நின்றார். ஆனால் அவர் ஓடத் தொடங்கியது மைதானத்தில் அல்ல. தந்தை இல்லாத வீடு. சிறு வயதிலேயே அந்த வீட்டை விட்டே ஓடியவர். கலிஃபோர்னியாவில், ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துக் காக்கும் இல்லத்தில் வளர்ந்தவர். பள்ளியில் யாரோ ஒருவர் அவருடைய கால்களைக் கவனித்தார். அதன்பின் எல்லோரும் அந்தக் கால்களை மட்டுமே கவனித்தார்கள்.

1995 செப்டம்பர் 10 அதிகாலை, லிங்கன் நகரில், தன் முன்னாள் காதலி இருந்த அடுக்குமாடி வீட்டுக்குள் அவர் புகுந்தார். அந்தப் பெண்ணை அடித்தார். படிக்கட்டு வழியே இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் அதே பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடிய மாணவி. இதை மெல்லிய சொற்களில் சொல்ல எனக்கு மனமில்லை. பிலிப்ஸ் செய்தது கொடுமை. அவருடைய குழந்தைப் பருவம் எவ்வளவு இருண்டதாக இருந்தாலும், அந்தப் படிக்கட்டில் அவர் செய்ததை அது கழுவிவிடாது. இதை முதலில் ஒப்புக்கொள்ளாதவர் மேற்கொண்டு இரக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் அவரை அணியிலிருந்து இடைநீக்கம் செய்தார். ஆறு ஆட்டங்கள் வெளியே. நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. மனநல ஆலோசனை உட்பட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பருவம் முடிவதற்குள் அவர் மறுபடி களமிறங்கினார். விளையாட்டை எடுத்துவிட்டால் இந்தப் பையனைக் கட்டி நிறுத்த வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை என்பது ஆஸ்போர்னின் வாதம். ஆஸ்போர்ன் கெட்டவர் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரியவர்களைச் சேர்த்துவிடும் ஓர் அமைப்பை 1991 இல் மனைவியோடு சேர்ந்து தொடங்கியவர். அவர் உண்மையாகவே நம்பினார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அந்த வேறெதையும் உண்டாக்குவதற்கு முன்பே ஜெர்சி கையில் கொடுக்கப்பட்டது.

1996 ஜனவரி 2. அரிசோனாவின் டெம்பி நகரில் இறுதி ஆட்டம். ஃபுளோரிடாவை 62-24 என்று நெப்ராஸ்கா நொறுக்கியது. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக தேசிய வாகையர் பட்டம். பிலிப்ஸ் அன்று 165 கெஜம் ஓடினார். 1962 முதல் ஓர் ஆட்டத்துக்குக்கூட இருக்கை மிஞ்சாத அரங்கை வைத்திருக்கும் அந்த மாநிலம் கொண்டாடியது. அந்த வசந்தத்தில், தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி ஆறாவது தேர்வாக அவரை எடுத்தது. பிறகு? அடுத்த ஆண்டே அந்த அணி அவரை வெளியேற்றியது. அடுத்தடுத்த அணிகளும் கைவிட்டன. 2005 இல் லாஸ் ஏஞ்சலஸில், சும்மா கூடி ஆடிய ஆட்டம் ஒன்றில் மூண்ட சண்டைக்குப் பின், பதின்வயதுப் பையன்கள் மீது காரை ஏற்றினார். மற்றொரு பெண்ணைத் தாக்கிய வழக்கும் சேர்ந்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை. சிறையில் உடனிருந்த கைதி கொல்லப்பட்டதில் அவர் மீதே கொலைக் குற்றச்சாட்டு. சிறை அறையில் உணர்வற்றுக் கிடந்தவர் 2016 ஜனவரி 13 அன்று இறந்தார். வயது 40.

அன்புடையீர், 1995 இன் அந்த இலையுதிர் காலத்தில் நாடே இரண்டு கூட்டமாகப் பிரிந்து கத்தியது. தூக்கி எறியுங்கள் என்றது ஒரு கூட்டம். ஆட விடுங்கள் என்றது மறு கூட்டம். ஒரு கூட்டம் நீதியின் பெயரைச் சொன்னது. மறு கூட்டம் இரக்கத்தின் பெயரைச் சொன்னது. அடிபட்ட மாணவி நாளை அதே வளாகத்தில் எப்படி வகுப்புக்கு நடந்து போவாள் என்று கேட்ட குரல் எங்கே? அடித்த பையன் ஆட்டமே இல்லாமல் ஒரு மனிதனாக வாழ யார் கற்றுக்கொடுப்பார் என்று கேட்ட குரல் எங்கே? தூக்கி எறியச் சொன்னவர்களுக்கு அவர் வேண்டியதில்லை. ஆட விடச் சொன்னவர்களுக்கு அவருடைய கால்கள் போதும். அவர் முழுதாக யாருக்கும் தேவைப்படவில்லை. இதுதான் என்னை நடுங்க வைக்கிறது. ஜெர்சியைத் திருப்பிக் கொடுப்பதை இரக்கம் என்று எண்ணிக்கொண்டோம். எல்லாவற்றையும் பறிப்பதை நீதி என்று எண்ணிக்கொண்டோம். இரண்டுமே நம் வேலையை நம்மிடமிருந்து தள்ளிவிடும் வழிகள்.

இரக்கத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் இரக்கம் ஆள் பார்க்கிறது.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில், மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணை நீச்சல் வீரர் பிராக் டர்னர் பாலியல் வன்செயலுக்கு ஆளாக்கினார். மூன்று குற்றங்கள் நீதிமன்றத்தில் உறுதியாயின. அரசுத் தரப்பு ஆறாண்டுச் சிறை கேட்டது. நீதிபதி கொடுத்தது ஆறு மாதம். டர்னர் உள்ளே இருந்தது மூன்று மாதம். சிறை அந்த இளைஞரைக் கடுமையாகப் பாதிக்கும் என்பது நீதிபதியின் கவலை. வழக்குச் செய்தியோடு சேர்த்து அவருடைய நீச்சல் நேரங்களைக்கூட நாளேடு அச்சிட்டது. எதற்கு? இவ்வளவு வேகமாக நீந்துகிறவர் வீணாகிறாரே என்று நாம் வருந்தவா? அந்தப் பெண் நீதிமன்றத்தில் எழுந்து தன் வாக்குமூலத்தைப் படித்தார். 2019 இல் சானல் மில்லர் என்ற தன் சொந்தப் பெயரோடு உலகத்தின் முன் வந்து நின்றார். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்ட மக்கள் 2018 ஜூனில் வாக்களித்து அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

டர்னருக்குப் பின்னால் ஆதரவற்றோர் இல்லமோ சிறைபட்ட தந்தையோ இல்லை. வசதியான வீடு இருந்தது. அவருக்குக் கிடைத்த கருணை, அனாதையாக வளர்ந்த எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது? இதை ஒவ்வொருவரும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சாயலில் இருக்கும் பிள்ளை தவறினால் எதிர்காலம் என்கிறோம். நம் சாயலில் இல்லாத பிள்ளை தவறினால் புத்தி அவ்வளவுதான் என்கிறோம். நம் சாதிக்காரர், நம் ஊர்க்காரர், நம் அணி என்றால் ஒரு கணக்கு. பிறர் என்றால் வேறு கணக்கு. அறத்தின் முன் இரண்டு கணக்குக்கு இடமில்லை. காயம்பட்டவரைக் காணாமல் கடந்துபோகும் இரக்கத்துக்கும் இடமில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியதுதான் என்ன? கண்டிப்பும் அன்பும் ஒன்றாக நடந்த இடம் எங்காவது உண்டா? உண்டு. அதையும் கேளுங்கள்.

டைரன் மாத்யூ நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பிள்ளை. தந்தை ஆயுள் தண்டனைக் கைதி. தாத்தா பாட்டியும், பின்னர் உறவினரும் எடுத்து வளர்த்தார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2011 இல், இரண்டாம் ஆண்டிலேயே, நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அந்தச் சுற்றுக்கு வருவதே அரிது. 2012 ஆகஸ்டில், அணி விதிகளை மீறியதற்காக, அதே பல்கலைக்கழகம் அவரை அணியிலிருந்து நீக்கியது. காரணம் போதைப் பரிசோதனைகளில் தொடர்ந்து தேறாதது. பயிற்சியாளர் லெஸ் மைல்ஸுக்கு அந்த ஆண்டு அவர் எவ்வளவு தேவை என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் நீக்கினார். அந்தக் கண்டிப்பை நான் வணங்குகிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முடிய விடாத மனிதர்கள் இருந்தார்கள். மாத்யூ ஹூஸ்டனுக்குப் போனார். அங்கே ஜான் லூகாஸ் என்றொரு மனிதர். 1976 இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் முதல் தேர்வாக எடுக்கப்பட்டவர். கோகெய்னில் விழுந்து, அணிகளை இழந்து, எழுந்தவர். எழுந்த பின், தன்னைப்போல் விழும் விளையாட்டு வீரர்களைத் தூக்கிவிடுவதையே பணியாக எடுத்துக்கொண்டவர். மாத்யூ அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். வெளியே வந்த பிறகும் ஒரே அடியில் நேராகிவிடவில்லை. அந்த அக்டோபரில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைது. இரண்டாம் சறுக்கல்! நாமாக இருந்தால் அங்கேயே கதவைச் சாத்தியிருப்போம். ஆனால் 2013 இல் அரிசோனா கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணி மூன்றாம் சுற்றுத் தேர்வில் அவரை எடுத்தது. பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்ற கண்டிப்போடுதான் எடுத்தது. கல்லூரியில் அவரோடு ஆடிய பேட்ரிக் பீட்டர்சன் ஏற்கனவே அங்கே இருந்தார். கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டார். மாத்யூ பின்னாளில் கேன்சஸ் சிட்டி அணியோடு 2020 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பையை வென்றார்.

இந்தக் கதையில் என்னைத் தொடுவது அந்தக் கோப்பை அல்ல. நீக்கியவர் ஒருவர், சிகிச்சை தந்தவர் ஒருவர், நிபந்தனை போட்டவர்கள் சிலர், கூட இருந்த நண்பர் ஒருவர். ஒருவர் கணக்குக் கேட்டார், இன்னொருவர் கை கொடுத்தார். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. எலும்பு முறிந்தவரைப் புத்தூருக்குக் கூட்டிப்போன வீட்டாருக்கு இது தெரியும். கட்டுப் போடுகிறவர் முதலில் இழுத்து நேராக்குவார், நோயாளி அலறுவார், இழுத்த அதே கைதான் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும். இழுக்காமல் கட்டினால் கோணலாகக் கூடும். இழுத்துவிட்டுக் கட்டாமல் போனால் கூடவே கூடாது. நாள் கடந்து வந்தால், முதலிலிருந்து முறிக்க வேண்டிவரும்.

நாள் கடப்பதைப் பற்றித்தான் எனக்குப் பெரும் அச்சம். கேட்டி மேயரை நினைக்கும்போதெல்லாம் அந்த அச்சம் நெஞ்சை அடைக்கிறது.

ஸ்டான்ஃபோர்டின் கால்பந்து அணித் தலைவி, கோல்கீப்பர். 2019 டிசம்பரில் தேசிய இறுதி ஆட்டம் பெனால்டி வரை போனபோது இரண்டு உதைகளைத் தடுத்துப் பட்டத்தைக் கொண்டுவந்தவர். 2021 ஆகஸ்டில், சைக்கிளில் போகும்போது, ஆண்கள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் மீது கேட்டியிடமிருந்த காபி கொட்டியது. வேண்டுமென்றே கொட்டினார் என்பது புகார். அந்த ஆண் வீரர் கேட்டியின் அணித் தோழி ஒருத்தியிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. விசாரணை நடந்தது, நகர்ந்தது, மாதங்கள் ஓடின. குற்றச்சாட்டு சுமத்த விதி அனுமதித்த ஆறு மாதக் கெடு முடியப்போகிற தறுவாயில், 2022 பிப்ரவரி 28 மாலை, அலுவலக நேரமெல்லாம் முடிந்த பிறகு, முறையான குற்றச்சாட்டுக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. பட்டம் நிறுத்திவைக்கப்படும் என்றது கடிதம். பட்டமளிப்புக்குச் சில மாதங்களே இருந்தன. மறுநாள் அவர் தன் விடுதி அறையில் உயிரற்றுக் காணப்பட்டார். உயிரை மாய்த்துக்கொண்டார் என்றார்கள். வயது 22.

ஓர் உயிர் போனதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டும் துணிவு எனக்கில்லை. அப்படிச் சுட்டுவது சரியுமல்ல. பெற்றோர் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பொறுப்பைப் பல்கலைக்கழகம் மறுத்தது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்திக்கும் மாணவர் தனக்குத் துணையாக ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2024 இல் கலிஃபோர்னியாவில் கேட்டியின் பெயரோடே நிறைவேறியது. துணைக்கு ஒரு மனிதர்! அதைச் சட்டம் போட்டுத்தான் நமக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் நகராமல் கிடந்த கோப்பு, கெடு நெருங்கியதும் இரவோடு இரவாகப் பறக்கிறது. குற்றம் சாட்டுவது பல்கலைக்கழகத்தின் கடமையாகவே இருக்கட்டும். நேரில் அழைத்து, பகல் வெளிச்சத்தில், தாயோ தோழியோ பயிற்சியாளரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதைச் சொல்வது யாருடைய கடமை? கடிதத்தைத் தட்டச்சு செய்தவருக்கு, கையெழுத்திட்டவருக்கு, அனுப்பும் பொத்தானை அழுத்தியவருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் இருந்தது. நமக்கும் அப்படி ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் இருக்கிறது. அந்த நிமிடங்கள் கணக்கில் ஏறுகின்றன, அன்புடையீர். ஒன்றுவிடாமல் ஏறுகின்றன.

துக்கத்தில் தவறுகிறவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதற்கு ஷகாரி ரிச்சர்ட்சனைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 2019 இல் முதலாண்டு மாணவியாக 100 மீட்டரை 10.75 விநாடியில் ஓடிக் கல்லூரிச் சாதனை படைத்த பெண். அந்த ஆண்டே தொழில்முறைக்குப் போய்விட்டார். 2021 ஜூனில் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தேர்வுப் போட்டிக்காக ஓரிகான் மாநிலத்தின் யூஜீன் நகருக்கு வந்திருந்தபோது, பெற்ற தாய் இறந்த செய்தியை அவருக்குச் சொன்னது ஒரு நிருபர், ஒரு நேர்காணலின் நடுவில். வயது 21. சில நாட்களில் ஓடி வென்றார். ஓடி முடித்ததும் பார்வையாளர் வரிசையில் ஏறிப் பாட்டியைக் கட்டிக்கொண்டார். பரிசோதனையில் கஞ்சாவின் தடயம். ஒரு மாதத் தடை. தேர்வுப் போட்டி வெற்றி ரத்து. டோக்கியோ கைவிட்டுப் போனது.

தொலைக்காட்சி முன் வந்து அவர் சாக்குச் சொல்லவில்லை. செய்தது தெரியும், செய்யக்கூடாது என்பதும் தெரியும் என்றார். தடையை ஏற்றார். விதி இருந்தது, விதி மீறப்பட்டது, விலை கொடுக்கப்பட்டது. கணக்கு அங்கே தீர்ந்திருக்க வேண்டும். நாம் தீர விட்டோமா? அடுத்த பந்தயத்தில் கடைசியாக வந்தபோது எத்தனை பேர் கைகொட்டிச் சிரித்தார்கள்! தண்டனை முடிந்த பிறகும் தண்டிக்கிற உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

2023 இல் புடாபெஸ்டில் 10.65 விநாடியில் ஓடி அவர் உலக வாகையர் ஆனார். 2024 இல் பாரிஸில் நூறு மீட்டரில் வெள்ளி, தொடரோட்டத்தில் தங்கம். சிரித்த வாய்களே பாராட்டின. அதுவும் எனக்கு வலிக்கிறது. வென்றதால்தானே மன்னித்தோம்? வெல்லாமல் போயிருந்தால்? யூஜீனிலிருந்து திரும்பியவர் அதன்பின் ஒரு பந்தயத்தையும் வெல்லாமல் தன் ஊரான டல்லாஸில் ஏதோ ஒரு வேலைக்குப் போயிருந்தாலும், தாயை இழந்த அந்தப் பெண்ணுக்கு நம் கடன் அதே அளவுதான். பதக்கத்தைக் காட்டினால் கதவைத் திறக்கும் மன்னிப்பு, மன்னிப்பே அல்ல, அது வியாபாரம். ஒவ்வொரு ஷகாரிக்கும் பின்னால், திரும்பி வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். உதவித்தொகை போய், விடுதி அறை போய், ஊருக்குப் பேருந்தேறிய பிள்ளைகள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. தெரியாதது நம் குற்றத்தைக் குறைக்காது.

இது அமெரிக்கக் கதை என்று தமிழ்நாட்டில் உட்கார்ந்திருக்கும் யாரும் தோளைக் குலுக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தர்ராஜனை மறந்துவிட்டோமா? 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அது பறிக்கப்பட்டது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பிறந்த உடலோடு ஓடினார், அவ்வளவுதான். பதக்கம் போன பிறகும் தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது நல்ல செயல், நினைவில் வைக்க வேண்டிய செயல். ஆனால் தேநீர்க் கடையிலும் செய்தித் தாளிலும் அவருடைய உடலைப் பற்றி எவ்வளவு பேசினோம்! செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு அவர் போனபோது எத்தனை பேர் கேட்டோம்? குற்றமே செய்யாதவரிடம் இப்படி நடந்துகொண்டவர்கள், குற்றம் செய்த பிள்ளையிடம் எப்படி நடப்போம்? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வந்த ஒரு கூலித் தொழிலாளியின் மகன், வீட்டில் சாவு விழுந்த வாரத்தில், விடுதியில் யாரையோ அடித்துவிட்டான் என்று வையுங்கள். ஊக்க மருந்து ஊசி போட்டுக்கொண்டான் என்று வையுங்கள். மறுநாள் காலை நம் வாட்ஸ்அப் குழுவில் என்ன வரும் என்று நமக்குத் தெரியும்.

வள்ளுவர் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தைத் துறவிக்கோ இல்லறத்தாருக்கோ சொல்லவில்லை. பொருட்பாலில், அரசனுக்கு உரிய பகுதியில், செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் பேசி, குடிகள் அஞ்சும்படி நடவாதே என்று சொல்லி முடித்த கையோடு வைத்தார். தண்டிக்கும் அதிகாரம் உள்ளவன் மீதுதான் இரக்கத்தின் கடமை முதலில் விழுகிறது. அந்த அதிகாரம் இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். பயிற்சியாளர்களே, அடுத்த ஆட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் வீட்டில் யார் நோயில் கிடக்கிறார், யார் கடனில் முழுகுகிறார் என்று இந்த வாரமே கேளுங்கள். தவறு நடந்தபின் வருந்துவதைவிட, தவறு நடக்கும் முன்பே போய் உட்காருங்கள். நடந்துவிட்டால், இறுதிப் போட்டிக்காக மூடி மறைக்காதீர்கள். மூடி மறைத்த ஒவ்வொரு தவறும் அந்தப் பிள்ளையின் மேல்தான் வட்டியோடு வந்து விழும். கல்லூரி முதல்வர்களே, விசாரணையைத் தள்ளிப்போடாதீர்கள், இரவில் கடிதம் அனுப்பாதீர்கள், தனியாக ஒரு பிள்ளையை விசாரணை மேசைக்கு முன் நிறுத்தாதீர்கள். வெளியேற்றியே ஆக வேண்டுமென்றால், வெளியேற்றும் அன்றே அவர் எங்கே தங்குவார், யாரிடம் பேசுவார் என்பதையும் தீர்மானித்துவிட்டு வெளியேற்றுங்கள். விளையாட்டை விட்டு வந்த மூத்தவர்களே, ஜான் லூகாஸ் செய்ததை நீங்கள் செய்ய முடியும். விழுந்து எழுந்த உங்கள் கதையை மேடைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் விளையாட்டு விடுதியின் வாசலுக்குக் கொண்டுபோங்கள்.

பெற்றோர்களே, தவறு செய்த உங்கள் பிள்ளைக்காகப் பொய் சொல்லாதீர்கள். அடிபட்டவர் வீட்டு வாசலில் போய் நின்று தலைகுனியுங்கள். அந்தத் தலைகுனிவை உங்கள் பிள்ளை பார்க்கட்டும். பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது சோறு போடுங்கள்.

செய்தியை அனுப்பும் கைகளே, நில்லுங்கள். யாரைப் பற்றி, யார் சொன்னது, உண்மையா, அடிபட்டவர் இதைப் பார்த்தால் என்ன ஆகும், அடித்தவரின் தங்கை பள்ளியில் என்ன கேட்பாள் என்று யோசியுங்கள். யோசிக்க நேரமில்லையென்றால் அனுப்பவும் நேரமில்லை. அந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அனுப்பும் விரலை எடுத்து அழைக்கும் பொத்தானில் வையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஏதாவது காதில் விழுந்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் எடுக்கும். அந்த எண்ணைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்களும் கிளம்பிப் போங்கள்.

போகும்போது வரிசையைத் தவறவிடாதீர்கள். காயம்பட்டவர் ஒருவர் இருந்தால் முதல் அழைப்பு அவருக்கு, முதல் நடை அவர் வீட்டுக்கு. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் செய்துவிட்டு, அதன்பின் தவறியவரிடம் போங்கள். போய், செய்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள். நாளை விசாரணை இருந்தால் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே அங்கே இருங்கள்.